கரிப்பொடி என்பவர்களுக்கு

“அந்தப் பாக்கெட்டா? வெறும் கரிப்பொடியில்லா அது!” கன்னிப்பூ, கும்பப்பூ நெல் பருவங்களுக்கு நாற்றங்கால் போடும் சமயம் வந்தால், நாஞ்சில் நாட்டில் உயிர் உரப் பாக்கெட்டைப் பற்றிய இந்தப் பேச்சும் கூடவே வந்துவிடும். உரக்கடையில் சொன்னால் பொறுக்கலாம். உழவர் கூட்டத்தில் மைக் பிடித்துச் சொல்கிறார்கள்; கீழே கை தட்டுகிறார்கள். ஆண்டுக்கணக்கில் கேட்டு நொந்துபோனேன்.

கறுப்பாக இருப்பது பழுப்பு நிலக்கரித் தூள்தான், யார் மறுத்தது? பாக்டீரியா தங்குவதற்காகச் சேர்ப்பது அது. 2006-இல் உயிர் உரமும் மத்திய அரசின் உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் வந்துவிட்டது. இன்றைய விதிப்படி ஒரு கிராம் தூளில் குறைந்தது 5 கோடி உயிரணுக்கள் இருக்க வேண்டும். 200 கிராம் பாக்கெட்டுக்கு ஆயிரம் கோடி.

“நம்ம மண்ணுல இல்லாத பாக்டீரியாவா?” இருக்கிறது. ஆனால் வேரோடு ஒட்டி வேலை செய்யும் ரகம் போதுமான அளவு இருக்கிறதா?

“யூரியா போட்டா மூணாம் நாளே பச்சை தெரியும்.” தெரியும்தான். ஆனால் வயலில் அம்மோனியா மிதமிஞ்சிக் கிடந்தால், காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடிக்கும் வேலையை பாக்கெட்டில் உள்ள அசோஸ்பைரில்லம் பாக்டீரியா நிறுத்திவிடும். மூட்டை மூட்டையாகக் கொட்டியவரே பாக்டீரியா வேலை செய்யவில்லை என்று புகார் சொல்கிறார்.

எல்லாவற்றையும்விட என்னைச் சுடுவது, “போட்டுப் பாத்தாச்சு, ஒண்ணும் நடக்கல்ல” என்பது. எப்படிப் போட்டீர்கள்? காலாவதியான பாக்கெட், சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக்குள் வெந்து கிடந்தது. அதையும் பூஞ்சாண மருந்தோடு சேர்த்தே விதையில் கலந்தீர்கள். கொதிக்கிற பாலில் உறை ஊற்றினால் தயிர் கிடைக்குமா? திருப்பதிசாரம் ஆராய்ச்சி நிலையத்தின் டி.பி.எஸ். நெல்லை நம்பி விதைக்கிறோம். அந்த நிலையத்தை நடத்தும் வேளாண் பல்கலைக்கழகம் உயிர் உரத்துக்குச் சொல்லும் முறையை மட்டும் ஏன் காதில் போட்டுக்கொள்வதில்லை? மருந்து கலந்த விதையென்றால் ஒரு நாள் இடைவெளி விட வேண்டும். ஆறிய கஞ்சியில் பாக்கெட்டைக் கரைத்து, ஒவ்வொரு நெல்லிலும் கறுப்பு ஒட்டும்படி கையால் புரட்டி, நிழலில் அரை மணி நேரம் உலர்த்த வேண்டும். நடுவதற்கு முன், ஹெக்டேருக்கு 5 பாக்கெட்டை 40 லிட்டர் தண்ணீரில் கரைத்து, நாற்றின் வேரைக் கால் மணி நேரமாவது நனைக்க வேண்டும். வயலிலும் பாக்கெட் தூளைத் தொழுவுரத்தோடு கலந்து தூவ வேண்டும். இதில் எதைச் செய்துவிட்டு மேடை ஏறினீர்கள்?

கல்குளம், விளவங்கோடு பக்கத்துச் செம்புரை மண்ணில் நாம் போடும் மணிச்சத்தில் பெரும்பகுதி இரும்போடும் அலுமினியத்தோடும் பிணைந்து, பயிருக்கு எட்டாமல் போகிறது. உயிர் உரத்தில் இன்னொரு வகையான பாஸ்போபாக்டீரியா சுரக்கும் அமிலம் அந்தப் பிணைப்பைத் தளர்த்தும். அடுத்த டி.ஏ.பி. மூட்டைக்குக் காசு எண்ணும் முன், போன பூவில் போட்டதை மண்ணிலிருந்து மீட்க வழி பார்க்க வேண்டாமா?