அம்மாவின் விடுப்பு யார் கையில்?

அம்மா கிள்ளானில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறார். முன்பெல்லாம் விடுப்பு வேண்டுமென்றால் பாரத்தை நிரப்பி மேற்பார்வையாளரிடம் கொடுப்பார். இப்போது எல்லாம் கைப்பேசிச் செயலியில்தான். செயலி ஆங்கிலத்தில் இருந்ததால் கடவுச்சொல்லை என்னிடம் கொடுத்துவிட்டார்.

தீபாவளிக்கு முதல் நாள் விடுப்புக்கு நான்தான் விண்ணப்பித்தேன். அவசரத்தில் ஆண்டு விடுப்புக்குப் பதிலாகச் சம்பளமில்லா விடுப்பைத் தட்டிவிட்டேன். சம்பளச் சீட்டில் ஒரு நாள் சம்பளம் குறைந்த பிறகுதான் தெரிந்தது. “நீங்கள்தானே விண்ணப்பித்தீர்கள்?” என்று அலுவலகத்தில் கேட்டார்களாம். அம்மாவால் பதில் சொல்ல முடியவில்லை.

தோட்டத்தில் பெரட்டுக் களத்தில் கிராணி பேர் பதிந்த காலத்தைத் தாத்தா சொல்வார். புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று அவர் பார்த்ததே இல்லை. இன்று அந்தப் புத்தகம் அம்மாவின் கைப்பையிலேயே இருக்கிறது. ஆனால் அதைத் திறப்பவர் அவரல்லர். வீட்டுக்கு நான் கிராணியாகிவிட்டேன்.

நண்பர்களே, செயலியில் தெரியும் எண்கள் முதலாளியின் தயவல்ல. 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி, ஈராண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 8 நாள் விடுப்பு. இரண்டு முதல் ஐந்தாண்டுக்குள் 12 நாள். ஐந்தாண்டும் அதற்கு மேலும் 16 நாள். இவை குறைந்தபட்ச அளவு. மருத்துவ விடுப்பு தனிக்கணக்கு. அதற்கு 48 மணி நேரத்திற்குள் முதலாளிக்குத் தெரிவிக்க முயன்றிருக்க வேண்டும். அந்த நேரத்தில் நான் தேர்வு மண்டபத்தில் இருந்தால் அம்மா என்ன செய்வார்?

சட்டம் தரும் 11 பொது விடுமுறைகளில் ஐந்து மட்டுமே கட்டாயமானவை. மற்ற ஆறை முதலாளி தேர்ந்தெடுத்து, ஆண்டு தொடங்குமுன் வேலையிடத்தில் அறிவிப்பாக வைக்க வேண்டும். அந்த ஆறில் தீபாவளி இருக்கிறதா என்பதை நம் பெற்றோர் தாங்களே பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டாமா?

முதலாளிக்கும் பொறுப்பு உண்டு. செயலியைக் கொடுத்தால் மட்டும் போதாது. தொழிலாளிக்குப் புரியும் மொழியில் சொல்லித்தர வேண்டும். விண்ணப்பத்தைக் கிடப்பில் போடாமல் பதில் தர வேண்டும். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும்.

நம் பொறுப்பு அதைவிடக் கடினமானது. செய்து கொடுப்பது இரண்டு நிமிட வேலை. சொல்லித்தருவதற்குப் பொறுமை வேண்டும். நாளை நாமும் பயிற்சிக்கும் வேலைக்கும் போகப் போகிறவர்கள். நமக்கும் அதே விதிதான்: கடவுச்சொல்லைப் பகிராதே, பொய்யான எம்.சி. காட்டாதே, அங்கீகாரம் கிடைத்ததைப் படம் பிடித்து வை.

பிறகுதான் தேடிப் பார்த்தேன். செயலியை மலாய்க்கு மாற்ற ஒரு பொத்தான் இருந்தது. தொழிற்சாலையில் இத்தனை ஆண்டு பேசிய மலாயில் அம்மா தானே விண்ணப்பித்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அனுப்புவதற்கு முன் இரண்டு முறை படித்துப் பார்த்தார். நான் ஒரு முறைகூட அப்படிப் படித்ததில்லை.

கடவுச்சொல்லை இப்போது மாற்றிவிட்டார். என்னிடம் சொல்லவில்லை.