கை தட்டியது போதும், கணக்குப் பாருங்கள்!

'பிஸ்மில்லாஹ்' சொல்லித் தொடங்கும் ஓர் அமெரிக்கப் பாட்டுத் தொகுப்பு இருக்கிறது. நம் இளைஞர்களில் ஒரு சாரார் அதைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள். "ஹஜ்ரத், நம்ம ஆள் வெள்ளைக்காரனை எப்படி வெளுத்து வாங்குகிறார் பாருங்கள்!" என்று என்னிடமே வந்து சொல்கிறார்கள். கடைவீதியில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களோ, "கூத்தாடிகள் பாட்டில் என்ன இருக்கப் போகிறது? தூக்கி எறியச் சொல்லுங்கள்" என்கிறார்கள். இரண்டு தரப்பாருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். ஏனென்றால் அதில் என்ன சொல்லப்பட்டிருக்கிறது என்பதை இரண்டு தரப்பாருமே காது கொடுத்துக் கேட்கவில்லை!

இசைக் கருவிகள் கூடுமா, கூடாதா என்ற மார்க்கச் சட்டத்தை இங்கே நான் விரிக்கவில்லை. அதை மேடைகளில் பலமுறை பேசியாகிவிட்டது. போய் இதை வாங்குங்கள் என்றும் யாரையும் நான் அழைக்கவில்லை. ஆனால் ஏற்கெனவே அதில் மூழ்கிக் கிடப்பவனிடம் பேச வேண்டுமானால், அவன் கேட்பது என்னவென்று தெரிந்திருக்க வேண்டாமா? ஆங்கிலம் படித்த தம்பி ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரிக்கும் பொருள் கேட்டுக் கேட்டுத்தான் பதினேழு பாட்டையும் கேட்டு முடித்தேன்.

பாடியவர் நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் 1973 இல் பிறந்த கருப்பினத்தவர். இயற்பெயர் டான்டே ஸ்மித். மோஸ் டெஃப் என்ற பெயரில் புகழ் பெற்றவர், இப்போது யாசீன் பே. இளம் வயதிலேயே இஸ்லாத்தை ஏற்றவர். 1999 அக்டோபரில் வெளிவந்த அந்தத் தொகுப்பின் பெயர் 'பிளாக் ஆன் போத் சைட்ஸ்'. ராப் என்பது ராகம் இழுத்துப் பாடுவதல்ல, தாளத்தின் மீது வேகமாகப் பேசுவது. நியூயார்க்கின் ஏழைத் தெருக்களில் 1970களில் பிறந்தது. வானொலியும் பத்திரிகையும் இல்லாதவர்கள் அதையே தங்கள் பத்திரிகையாக வைத்துக்கொண்டார்கள்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். அல்லாஹ்வின் பெயரால் தொடங்கிய கையோடு அவர் ஒரு கேள்வியை எடுத்துக்கொள்கிறார். 'ஹிப்ஹாப் எங்கே போய்க்கொண்டிருக்கிறது?' என்று எல்லோரும் கேட்கிறார்கள். அது மக்களை விட்டுத் தனியே எங்கோ வாழும் பூதமல்ல, மக்களின் நிலை எதுவோ அதுதான் அதன் நிலை என்கிறார். சரியான பதில்! நம் சமுதாயம் எங்கே போகிறது என்று டீக்கடையில் உட்கார்ந்து பெருமூச்சு விடும் நமக்கும் சேர்த்துச் சொன்ன பதில்.

இனி குறையையும் சொல்ல வேண்டும். பிஸ்மில்லாஹ்வில் தொடங்கிய அதே தொகுப்பின் நான்காவது பாட்டு, ஒரு பெண்ணின் உடலை வருணித்து அவள் பின்னால் அலையும் கதை! இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? "அது கலை, ஹஜ்ரத்" என்கிறான் தம்பி. கலையாக இருக்கட்டும். அல்லாஹ்வின் பெயரை வாசலில் எழுதி வைத்துவிட்டு உள்ளே எதை வேண்டுமானாலும் விற்கலாம் என்று எந்த வியாபாரியாவது சொன்னால் ஒப்புக்கொள்வோமா?

விற்பது என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. இந்தத் தொகுப்பை வெளியிட்டது ராக்கஸ் என்ற நிறுவனம். அதில் பணம் போட்டவர் யார் தெரியுமா? ரூபர்ட் மர்டாக்கின் மகன் ஜேம்ஸ் மர்டாக்! பின்னர் அது மர்டாக் குழுமத்தின் கைக்கே போனது. 1996 இல் ஃபாக்ஸ் நியூஸ் தொலைக்காட்சியைத் தொடங்கிய அதே மர்டாக். முஸ்லிம்களையும் கருப்பின மக்களையும் அந்தத் தொலைக்காட்சி எப்படிச் சித்திரித்தது என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வலது கையால் நம்மை அடிக்கிறான், நாம் அழும் சத்தத்தை இடது கையால் விற்கிறான்! இரண்டிலும் லாபம் அவனுக்கே. நம் கோபமும் அவனுக்கு ஒரு சரக்குதான்.

1992 இல் மால்கம் எக்ஸ் பற்றிய திரைப்படம் வந்தபோது என்ன நடந்தது? 'எக்ஸ்' எழுத்துப் போட்ட தொப்பிகள் அமெரிக்கா முழுவதும் அமோகமாக விற்றன. தொப்பி போட்டவனெல்லாம் மால்கம் ஆகிவிட்டானா? மால்கம் சிறைக்குள் அகராதியை முதல் பக்கத்திலிருந்து கையால் எழுதி எழுதிப் படித்தவர். தொப்பிக்காரன் எத்தனை பக்கம் படித்தான்?

இளைஞனே! இங்கேதான் உன்னோடு எனக்கு வழக்கு. இந்தத் தொகுப்பில் 'மேத்மேடிக்ஸ்' என்றொரு பாட்டு இருக்கிறது. கணிதம்! அதன் தாளத்துக்குத் தலையாட்டுகிறாய். எந்தக் கணக்கைப் போடச் சொல்கிறார் என்று என்றைக்காவது பார்த்தாயா? மணிக்கு 5 டாலர் 15 சென்ட் என்ற கூலியை அந்தப் பாட்டுக்குள் வைத்திருக்கிறார். 1997 முதல் 2007 வரை அமெரிக்க மத்திய அரசு நிர்ணயித்திருந்த குறைந்தபட்சக் கூலி அது. வாரம் 40 மணி நேரம், ஆண்டுக்கு 52 வாரம், ஒருநாள்கூட விடுப்பு எடுக்காமல் உழைத்தாலும் ஆண்டுக்கு 10,712 டாலர். அந்தப் பணத்தில் நியூயார்க்கில் வாடகை கொடுத்து, பிள்ளை வளர்த்துப் பார்!

சிறையைப் பற்றியும் அந்தப் பாட்டு பேசுகிறது. வியாபாரிகளே, இதை நீங்கள் கவனிக்க வேண்டும். 1986 இல் அமெரிக்காவில் ஒரு போதைப்பொருள் சட்டம் வந்தது. கருப்பின மக்களின் தெருக்களில் மலிவாக விற்ற 'கிராக்' கோகைன் 5 கிராம் வைத்திருந்தால் குறைந்தது ஐந்தாண்டுச் சிறை. பணக்கார வெள்ளையர் விருந்துகளில் புழங்கிய தூள் கோகைனுக்கு அதே ஐந்தாண்டு கிடைக்க 500 கிராம் வேண்டும்! இரண்டும் ஒரே நஞ்சுதான். ஒரே சரக்குக்கு இரண்டு தராசு! அளவையில் மோசடி செய்வோரைக் கண்டிக்கத் திருக்குர்ஆனில் ஓர் அத்தியாயமே, 83 ஆவது அத்தியாயம், இறங்கியிருக்கிறது. எடைக்கல்லில் ஏமாற்றுகிற கடைக்காரனை நாம் ஊர் கூடிக் கேட்கிறோம். சட்டமே எடைக்கல்லை மாற்றிப் போட்டால்? 24 ஆண்டுகள் அந்தத் தராசு அப்படியே தொங்கியது. 2010 இல் திருத்தினார்கள். சமமாக்கினார்களா? ஒன்றுக்கு நூறு என்றிருந்ததை ஒன்றுக்குப் பதினெட்டு ஆக்கினார்கள். அதற்குப் பெயர் 'நியாயமான தண்டனைச் சட்டம்'!

தண்ணீர்ப் பாட்டு இன்னொன்று. 'நியூ வேர்ல்ட் வாட்டர்'. தண்ணீர் இனி காசுள்ளவனின் சரக்காகிவிடும், ஏழைக்கு அழுக்குத் தண்ணீர்தான் மிஞ்சும் என்று 1999 இல் எச்சரித்த பாட்டு. அன்று கேட்டவர்கள் ரசித்தார்கள், அவ்வளவுதான். 2014 ஏப்ரலில் மிச்சிகன் மாநிலத்தின் ஃபிளின்ட் நகரில் என்ன நடந்தது? மக்களில் பாதிக்கு மேல் கருப்பினத்தவர் வாழும் ஏழை நகரம். செலவைக் குறைக்கிறோம் என்று சொல்லி ஊரின் குடிநீரை ஃபிளின்ட் ஆற்றுக்கு மாற்றினார்கள். அரிக்கும் தன்மையுள்ள அந்தத் தண்ணீரை முறையாகப் பக்குவப்படுத்தவில்லை. பழைய குழாய்களின் ஈயம் கரைந்து குழந்தைகளின் இரத்தத்தில் கலந்தது. நிறமும் நாற்றமும் கொண்ட தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு தாய்மார்கள் அலைந்தபோது, 'எல்லாம் பாதுகாப்பானது' என்று அதிகாரிகள் பதில் சொன்னார்கள்.

கேளுங்கள், இன்னும் இருக்கிறது. 2018 ஏப்ரலில் அதே மாநிலம் நெஸ்லே நிறுவனத்துக்கு நிமிடத்துக்கு 400 கேலன் நிலத்தடி நீரை உறிஞ்சிப் பாட்டிலில் அடைக்க அனுமதி கொடுத்தது. அரசுக்குக் கிடைத்த கட்டணம் ஆண்டுக்கு 200 டாலர்! அதே வாரத்தில் ஃபிளின்ட் மக்களுக்குக் கொடுத்துவந்த இலவசத் தண்ணீர் பாட்டில்களை நிறுத்துவதாகவும் அறிவித்தது. தண்ணீரிலும் புல்லிலும் நெருப்பிலும் மக்களுக்குப் பொதுப்பங்கு உண்டு என்ற நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனை அபூதாவூதில் இருக்கிறது. நாம் அதை ஜும்ஆ மேடையில் சொல்கிறோம். இறங்கி வந்து, அடுக்கி வைத்த தண்ணீர்ப் பெட்டிகளுக்கு விலைச் சீட்டு ஒட்டுகிறோம். புரூக்ளின் இளைஞன் ஒருவனுக்குத் தைத்தது நமக்குத் தைக்கவில்லையே!

பெரியவர்களே, கூத்தாடி என்று ஒதுக்குகிறீர்களே, அவர் பாட்டோடு நின்றாரா? கத்ரீனா புயலில் நியூ ஆர்லியன்ஸ் மக்கள் கைவிடப்பட்டதைக் கண்டித்து, 2006 இல் நியூயார்க்கில் ஒரு தொலைக்காட்சி விருது விழா அரங்கத்தின் வாசலில் லாரி மீது நின்று பாடிக் கைதானார். 2013 ஜூலையில் குவாண்டனாமோ சிறையில் உண்ணாவிரதம் இருந்த முஸ்லிம் கைதிகளுக்கு மூக்கு வழியே குழாய் செருகி உணவு புகட்டினார்களே, அந்தக் கொடுமையைத் தன் உடம்பில் செய்யச் சொல்லிப் படம் எடுக்க வைத்தார். தாங்க முடியாமல் நிறுத்தச் சொல்லிக் கதறினார். அது ரமளான் நெருங்கிய நேரம். நம்மில் எத்தனை பேர் அந்தக் கைதிகளுக்காக ஒரு தந்தி அடித்தோம்?

தம்பி, உனக்கு ஒரு கணக்குக் கொடுத்து முடிக்கிறேன். அந்தத் தொகுப்பு வந்த அதே 1999, பிப்ரவரி 4. நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதி. கினி நாட்டிலிருந்து வந்த அமது டியாலோ என்ற 23 வயது முஸ்லிம், நடைபாதையில் காலுறையும் கையுறையும் விற்றுப் பிழைத்த சிறு வியாபாரி, தன் வீட்டு வாசலில் நின்றிருந்தான். ஆயுதம் எதுவும் இல்லை. சட்டைப்பையிலிருந்து பர்ஸை எடுத்தான். துப்பாக்கி என்று சொல்லிச் சுட்டார்கள். போலீசார் 4 பேர். குண்டுகள் 41. உடம்பில் பாய்ந்தவை 19. 2000 பிப்ரவரியில் நால்வரும் விடுதலை. குடும்பத்தார் கேட்ட இழப்பீடு 6 கோடியே 10 லட்சம் டாலர். 2004 இல் நகர நிர்வாகம் கொடுத்தது 30 லட்சம். 2015 இல் அந்த நால்வரில் ஒருவருக்கு சார்ஜன்ட் பதவி உயர்வு.

டியாலோவுக்காக 2000 இல் மோஸ் டெஃபும் நண்பர்களும் சேர்ந்து ஓர் இசைத்தட்டு வெளியிட்டார்கள். அது உனக்குத் தெரிந்திருக்கும். அவனுடைய தாய் கினியிலிருந்து வந்து, நீதிமன்ற வாசலில் நின்று, மகனின் பெயரில் ஓர் அறக்கட்டளை அமைத்து, பிள்ளைகளின் படிப்புக்கு உதவித்தொகை கொடுத்தார். 'உமி சேய்ஸ்', அதாவது 'உம்மா சொல்கிறார்' என்ற எட்டாவது பாட்டை மனப்பாடமாக ஒப்பிக்கிறாயே, கதியாத்து டியாலோ என்ற இந்த உம்மாவின் பெயரை இதற்கு முன் எங்காவது கேட்டிருக்கிறாயா?