கேஸ் ஷீட்டில் இல்லாத ஊர்

கல்கத்தாவின் தென்மேற்கே, ஹூக்ளிக் கரையில் இருக்கிறது கார்டன் ரீச். தென்கிழக்கு ரயில்வேயின் தலைமையகமும் மத்திய மருத்துவமனையும் அங்கேதான். கரக்பூர், ஆத்ரா, சக்ரதர்பூர், ராஞ்சி ஆகிய நான்கு கோட்டங்களிலும் உள்ளூர் ரயில்வே ஆஸ்பத்திரியில் முடியாத நோயாளிகள் அங்கேதான் ரெஃபர் ஆகிறார்கள். ஹவுராவிலிருந்து மேற்கே போகும் பிரதான பாதையில் காட்சிலா, காலுடி தாண்டி, டாடாநகருக்கு முன்னால் ராக்கா மைன்ஸ் என்றொரு சின்ன ஸ்டேஷன் வரும். பெயரில் இருப்பது செம்புச் சுரங்கம். சில கிலோமீட்டர் தள்ளி இருப்பது ஜாதுகோடா, இந்தியாவின் முதல் யுரேனியச் சுரங்கம்.

அந்தப் பக்கத்து ஆள் ஒருவர் விடாத இருமலோடும் எக்ஸ்ரேயில் ஒரு நிழலோடும் நம் முன்னால் உட்கார்ந்தால் என்ன கேட்கிறோம்? பீடி உண்டா, சர்க்கரை உண்டா, டி.பி. மருந்து சாப்பிட்டதுண்டா என்று கேட்கிறோம். எந்த ஊரில் எத்தனை வருஷம் இருந்தார், வீட்டுத் தரைக்குப் போட்ட கல் எங்கிருந்து வந்தது, சுரங்கத்தில் எந்த வேலை, யாருடைய ஒப்பந்தத்தில் என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. தொழில் என்ற கட்டத்தில் 'ஓய்வு' என்று எழுதிவிட்டு அடுத்த நோயாளிக்குப் போய்விடுகிறோம். தொழில்நல மருத்துவம் பார்க்கும் நமக்கு இது சின்ன விடுபடல் இல்லை.

ஜாதுகோடா இருக்கும் சிங்பூம் பகுதியில் யுரேனியத் தாது இருப்பது 1951-ல் தெரியவந்தது. இந்திய யுரேனியக் கழகம் 1967-ல் உருவானது. 1968-ல் ஆலை ஓடத் தொடங்கியது. தாது தரம் குறைந்தது: ஒரு டன் பாறையை அரைத்தால் அரை கிலோ அளவுக்குத்தான் யுரேனியம் தேறும். பிரித்தெடுத்தது எல்லோ கேக்காக ஹைதராபாத் போகிறது. மீதியில் பரும்படியான மணலைச் சுரங்கக் குழிகளை நிரப்பத் திருப்பி அனுப்புகிறார்கள். நுண்ணிய சேறு குழாய் வழியாக டெயிலிங் பாண்ட் என்ற கழிவுக் குளங்களுக்குப் போகிறது. நம் துறைக்கு வெளியே அதிகம் பேசப்படாத விஷயம் இதுதான்: யுரேனியத்தை எடுத்துவிட்டாலும் தாதுவின் கதிரியக்கத்தில் ஏறக்குறைய 85 சதவீதம் அந்தச் சேற்றிலேயே தங்கிவிடுகிறது. தோரியம்-230-க்கு அரைவாழ்வு சுமார் 75,000 ஆண்டுகள், ரேடியம்-226-க்கு 1,600 ஆண்டுகள். ரேடியத்திலிருந்து ரேடான் வாயு வந்துகொண்டே இருக்கும். வனத்துறை அனுமதிச் சிக்கலில் 2014 செப்டம்பரில் ஜாதுகோடா சுரங்கம் நின்றபோது கூலி நின்றது. ரேடியம் சிதைவது நிற்கவில்லை.

குளங்களின் ஓரத்தில் டுங்ரிடி, சாட்டிகோச்சா போன்ற ஹோ, சந்தால் ஊர்கள். மூன்றாவது குளத்துக்காக 1996 ஜனவரியில் சாட்டிகோச்சாவில் வீடுகளை இடித்தார்கள். 2006 டிசம்பரில் டுங்ரிடி அருகே குழாய் வெடித்துச் சேறு ஓடையில் கலந்தது. கதிர்வீச்சுக்கு எதிரான ஜார்கண்ட் மக்கள் அமைப்பு இதையெல்லாம் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறது.

பாதிப்பு எவ்வளவு? இங்கேதான் விவகாரம் இறுகிக் கிடக்கிறது. அளவுகள் வரம்புக்குள்தான் இருக்கின்றன, நோய்களுக்குக் காரணம் வறுமையும் மலேரியாவும் குடியும் என்று அணுசக்தித் துறை சொல்கிறது. 2004-ல் உச்ச நீதிமன்றம் துறையின் பிரமாணப் பத்திரத்தை ஏற்றுப் பொதுநல வழக்கைத் தள்ளுபடி செய்தது. அமைதிக்கும் வளர்ச்சிக்குமான இந்திய மருத்துவர்கள் அமைப்பு 2007-ல் எடுத்த கணக்கெடுப்பு வேறு விதமாகப் பேசுகிறது. சுரங்கத்துக்கு அருகே 2,118 குடும்பங்கள், தொலைவில் 1,956 குடும்பங்கள். பிறவிக் குறைபாடு அருகில் 4.49 சதவீதம், தொலைவில் 2.49 சதவீதம். இந்த வித்தியாசத்தை ஒதுக்கித் தள்ள நான் தயாரில்லை. ஆனால் அது வீடு வீடாகக் கேட்டுத் தொகுத்தது. யார் எவ்வளவு டோஸ் வாங்கினார் என்ற அளவு அதில் இல்லை. ஒரு பக்கம் டோஸ் இருக்கிறது, நோயாளி இல்லை. மறு பக்கம் நோயாளி இருக்கிறார், டோஸ் இல்லை. இரண்டையும் ஒரே ஆளின் பெயரில் சேர்த்து வைக்கும் பதிவேடு இல்லாதவரை இந்தச் சண்டை தீராது.

அப்படிப் பதிவு வைப்பது நம் நாட்டில் முடியாத காரியம் இல்லை. கன்னியாகுமரி மணவாளக்குறிச்சியில் இருப்பதைப் போலவே மோனசைட் மணல் நிறைந்த கேரளக் கடற்கரையில், கருநாகப்பள்ளியில், திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம் 1990-ல் பதிவேடு தொடங்கியது. வீட்டுக்குள்ளும் வெளியிலும் அளவெடுத்தார்கள். 69,958 பேரைச் சராசரியாகப் பத்தரை ஆண்டுகள் தொடர்ந்து, 1,379 புற்றுநோய்களைக் கண்டு, நிலத்திலிருந்து வரும் காமா கதிரால் புற்றுநோய் கூடவில்லை என்று 2009-ல் எழுதினார்கள். முடிவு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் நின்று பேசக்கூடிய வேலை அது. அந்த முடிவை அப்படியே ஜாதுகோடாவுக்குத் தூக்கிப் போவது மட்டும் தவறு. அங்கே மணலிலிருந்து உடம்பின் மேல் படும் காமா. இங்கே சுரங்கத்துக்குள் மூச்சில் போகும் ரேடானும் சிலிக்காத் தூசும். ரேடான் நுரையீரல் புற்றுநோயைத் தரும் என்பதை யுரேனியத் தொழிலாளர்களின் மரணங்களிலிருந்துதான் உலகம் கற்றது. கிழக்கு ஜெர்மனியின் விஸ்முட் சுரங்கங்களில் 1990-ல் உற்பத்தி நின்ற பிறகு, பழைய சம்பளப் பட்டியல்களையும் பணிப் பதிவுகளையும் பிடித்துக்கொண்டு சுமார் 59,000 தொழிலாளர்களை இன்றும் தொடர்கிறார்கள்.

மருத்துவரின் மேசையில் இதெல்லாம் எப்படித் தெரியும் என்பதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். கடினப் பாறையில் துளை போட்டவருக்கு சிலிக்கோசிஸ் வரும். சிலிக்கோசிஸ் வந்த நுரையீரலில் டி.பி. எளிதில் குடியேறும், அதே நுரையீரலில் ரேடானும் பீடியும் சேர்ந்தால் புற்றுநோய் அபாயம் வெறும் கூட்டலைவிட அதிகம். மூன்றும் படத்தில் ஒன்றையொன்று மறைக்கும். டி.பி. என்று ஆறு மாதம் மருந்து கொடுத்து, தேறவில்லை என்று மறுபடியும் கொடுத்து, அதற்குள் கட்டி வளர்ந்துவிடும். சுரங்கத்தில் எத்தனை வருஷம் என்று முதல் நாளே கேட்டிருந்தால் சி.டி. ஸ்கேனும் பயாப்சியும் முன்னதாகவே நடந்திருக்கும். அதே அக்கறையோடு இன்னொன்று: அந்த ஊர்ப் பெண்ணின் குழந்தைக்குக் குறை இருந்தால் உடனே கதிர்வீச்சு என்று வாய்விட வேண்டாம். ஜாதுகோடாப் பெண் என்றால் சம்பந்தம் பேச யோசிக்கிறார்கள் என்று ஊரார் வருத்தப்படுகிறார்கள். குறித்து வைப்பது நம் வேலை, முத்திரை குத்துவது நம் வேலை இல்லை.

கார்டன் ரீச்சை முன்னால் வைத்ததற்குக் காரணம் உண்டு. ரயில்வே ஊழியருக்குச் சேர்ந்த நாள் முதல் சர்வீஸ் பதிவு இருக்கிறது. எந்த ஸ்டேஷனில் எந்த ஆண்டு என்று அதில் தெரியும். ஓய்வுக்குப் பிறகும் அதே மருத்துவமனை பார்க்கிறது. இந்தியாவில் நீண்டகாலப் பாதிப்பைத் தொடர இதைவிடத் தோதான அமைப்பு அபூர்வம். ஆனால் ராக்கா மைன்ஸில் வேலை பார்த்த கேங்மேனைவிடப் பல மடங்கு தூசு குடித்தவர் சுரங்கத்தின் ஒப்பந்தக் கூலி. அவர் மனைவி குளத்தோரம் விறகு பொறுக்கியவர். ஃபைல் இருப்பவருக்கு டோஸ் குறைவு. டோஸ் வாங்கியவருக்கு ஃபைல் இல்லை. அவர் வந்து சேர்வது டாடாநகரிலோ கல்கத்தாவிலோ ஏதோ ஒரு பொது மருத்துவமனையின் ஓ.பி. வரிசையில்.

சட்டம் அவர் பக்கம் இருக்கிறது. 2004-ஆம் ஆண்டின் அணுசக்திக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு விதிகளின்படி, டோஸ் பதிவையும் உடல்நலக் கண்காணிப்பு அறிக்கையையும் ஆண்டுதோறும், கேட்கும்போதெல்லாம், வேலையை விட்டு விலகும்போதும் தொழிலாளியிடம் தர வேண்டியது முதலாளியின் கடமை. கேட்டு வாங்கியவர்கள் எத்தனை பேர், அப்படிக் கேட்கலாம் என்று சொல்லிக்கொடுத்த மருத்துவர்கள் எத்தனை பேர்?

டோஸ் பதிவுகளைத் தொழிலாளிக்கு 75 வயதாகும் வரையிலும், வேலையை விட்டபின் குறைந்தது 30 ஆண்டுகளும் காக்க வேண்டும் என்பது சர்வதேச அணுசக்தி முகமையின் அடிப்படைத் தரம். 1968-ல் இருபது வயதில் ஜாதுகோடா ஆலையில் சேர்ந்து 1990-க்கு முன்னால் விலகியவருக்கு அந்த இரண்டு காலமும் முடிந்துவிட்டன. அவருடைய பதிவு இன்னும் ஏதாவது அலமாரியில் இருந்தால் அதை இந்த ஆண்டே கேட்டு எழுத வேண்டும். உங்களிடம் வரும் சிங்பூம் நோயாளியின் ஊர், வேலை, ஒப்பந்தக்காரர், சேர்ந்த ஆண்டு, விட்ட ஆண்டு ஆகிய ஐந்தையும் டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதி, ஒரு நகலை அவர் கையிலேயே கொடுத்து அனுப்புங்கள்.