சுடர் சொல்லும் சான்று



ரசம் பொங்கி அடுப்பில் வழியும்போது, நீலமாய் எரிந்துகொண்டிருந்த சுடர் சட்டென்று மஞ்சளாக மாறுவதை நம் தாய்மார்கள் பலமுறை கண்டிருப்பர். அந்த மஞ்சள் நிறம், உப்பிலுள்ள சோடியம் இட்ட கையெழுத்து. ஒவ்வொரு தனிமமும் சுடரில் இவ்வாறு தன் கையெழுத்தை இடுகிறது. அதனைப் பிழையின்றி வாசிக்க உலகிற்குக் கற்றுத் தந்த இருவருள் ஒருவர் ராபர்ட் பன்சன் என்னும் ஜெர்மானிய வேதியல் பேராசிரியர்.

1811-ஆம் ஆண்டு கெட்டிங்கன் நகரில் பிறந்த பன்சன், இளமையிலேயே ஆர்சனிக் நஞ்சுக்கு ஒரு மாற்று மருந்தை, மருத்துவர் ஒருவருடன் சேர்ந்து 1834-இல் கண்டறிந்தார். பின்னர் ஆர்சனிக் கலந்த சேர்மங்களை ஆராய்ந்தபோது நேர்ந்த வெடிப்பில் ஒரு கண்ணின் பார்வையை இழந்தார். நஞ்சேறிச் சாவின் விளிம்பு வரை சென்று மீண்டார். எனினும் ஆய்வைக் கைவிட்டாரில்லை. இரும்பு உருக்கும் உலைகளிலிருந்து வெளியேறும் வாயுக்களைப் பகுத்தாய்ந்து, எரிபொருளின் வெப்பத்தில் பாதிக்கு மேல் வீணாவதை எடுத்துக்காட்டினார். வாயுக்களை அளந்து பகுக்கும் முறைகளைப் பற்றி 1857-இல் நூலும் எழுதினார்.

1852-இல் ஹைடல்பர்க் பல்கலைக்கழகத்தில் பேராசிரியப் பொறுப்பேற்ற அவர், தம் கருவிக் கைவினைஞர் டெசாகாவின் துணையுடன் 1855-இல் புதியதோர் எரிவாயு அடுப்பை உருவாக்கினார். நம் பிள்ளைகள் பள்ளிக்கூட ஆய்வகத்தில் கையாளும் 'பன்சன் பர்னர்' அதுவே. அதன் சுடருக்குத் தனக்கென நிறம் ஏதுமில்லை என்று சொல்லும் அளவுக்கு அது தெளிவானது. ஆகவே, அதில் இடப்படும் பொருளின் நிறம் கலப்பின்றித் தெரிந்தது. அந்த அடுப்புக்கு அவர் காப்புரிமை பெறவில்லை. அறிவின் பயன் அனைவருக்கும் பொது என்பது அவர் கொள்கை.

ஆனால் பல உப்புகள் கலந்திருந்தால் ஒரு நிறம் மற்றொன்றை மறைத்துவிடுமே! பன்சன் வண்ணக் கண்ணாடிகளின் வழியே நோக்கி அவற்றைப் பிரித்தறிய முயன்றார். அவருடைய நண்பரும் இயற்பியல் அறிஞருமான கிர்க்காப், முப்பட்டகக் கண்ணாடியைப் பயன்படுத்துமாறு ஆலோசனை கூறினார். சுருட்டுப் பெட்டி ஒன்று, பட்டகம் ஒன்று, பழைய தொலைநோக்கிகளின் துண்டுகள் இரண்டு: இவற்றால் அமைந்ததே அவர்களது முதல் நிறமாலைக் கருவி. அதில் ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய ஒளிக்கோடுகளைக் காட்டியது.

அக்கருவியின் நுண்மையை என்னென்பது! 60 கன மீட்டர் கொள்ளளவுள்ள அறையின் ஒரு மூலையில் 3 மில்லிகிராம் சோடியம் உப்பை வெடித்துச் சிதறச் செய்தனர். சில நிமிடங்களில் எதிர்ப்புறத்திலிருந்த சுடரில் சோடியத்தின் மஞ்சள் கோடு தோன்றியது. ஒருசில கனிமங்களில் மட்டுமே உண்டென்று கருதப்பட்ட லித்தியம், பாலிலும் புகையிலைச் சாம்பலிலும் இருப்பது புலனாயிற்று. சூரியனில் உள்ள தனிமங்களையும் கிர்க்காப் இதே வழியில் இனங்கண்டார்.

1860-இல் டுர்க்கைம் ஊற்று நீரின் உப்பில், எத்தனிமத்திற்கும் உரியதல்லாத இரு நீலக் கோடுகளைப் பன்சன் கண்டார். வான்நீலம் என்று பொருள்படும் லத்தீன் சொல்லால் அதற்குச் 'சீசியம்' எனப் பெயரிட்டார். கோடுகளைக் கண்டதோடு அவர் நிறைவடையவில்லை. 40,000 லிட்டருக்கும் மேற்பட்ட நீரை வற்றச் செய்து, சில கிராம் சீசியம் உப்பைப் பிரித்தெடுத்தார். 1861-இல், செந்நிறக் கோடுகளால் ரூபிடியம் அறியப்பட்டது. இன்று உலகம் ஒரு வினாடியின் அளவை வரையறுப்பது அந்தச் சீசியம் அணுவைக் கொண்டுதான்.

இத்தனைக்கும் மேலாக நம் நெஞ்சைத் தொடுவது மற்றொரு நிகழ்ச்சி. அருமண் தனிமங்களின் நிறமாலைகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து, வரைபடங்களுடன் எழுதி முடித்த கையெழுத்துப் படி, அவர் இல்லாத நேரத்தில் தீக்கிரையாயிற்று. அப்போது அவர் 60 வயதைக் கடந்திருந்தார்; ஒரு கண்ணே துணை. எரிந்ததை எண்ணிப் புலம்பிக்கொண்டிராமல் மீண்டும் முதலிலிருந்து தொடங்கினார். 1875-இல் அவ்வாய்வு வெளியாயிற்று.

இத்தகையவர் வகுப்பில் தம் கண்டுபிடிப்புகளைக் குறிப்பிடும்போது 'நான்' என்று சொல்வதில்லையாம். 'இவ்வாறு கண்டறியப்பட்டுள்ளது' என்றே சொல்வாராம். அவருடைய மாணவர் ராஸ்கோ இதனை எழுதி வைத்திருக்கிறார்.

பெற்றோரே, தேர்வில் தவறிய மகனும், வேலைக்கு மனுப்போட்டு ஏமாந்த மகளும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். 'உன்னால் ஆகாது' என்னும் சொல்லால் அவர்களைச் சுட வேண்டாம். பன்சனின் ஏடுதான் எரிந்தது. அதை எழுதிய அறிவும் கையும் எரியவில்லை. பிள்ளைகளுக்கும் அப்படியே. மேசையைத் துடைத்து, புதிய தாளை எடுத்து அவர்கள் முன் வைப்போம். அவர்கள் அருகில் நாமும் சற்று அமர்ந்திருப்போம்.