மூக்குக்கண்ணாடியை மறைக்கலாமா?

சென்ற ஆண்டு திருவருகைக்காலத்து ஞாயிறு ஒன்றில், காலைத் திருப்பலி முடிந்து நாம் கோயில் வாயிலில் நின்றிருந்தபோது, நிலக்கோட்டைப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து வந்திருந்த ஒரு தாய் நம்மைத் தனியே அழைத்தார். அவருக்குப் பின்னால் இருபது வயது மதிக்கத்தக்க மகள், தடித்த மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றிப் பிடித்தபடி நின்றாள்.

“ஐயா, இவளுக்குக் கிட்டப்பார்வை. மைனஸ் 5 என்கிறார்கள். கிறிஸ்மஸ் கழிந்ததும் பெண் பார்க்க வருகிறார்கள். அதற்குள் கண்ணில் ஒட்டுகிற லென்சை வாங்கிப் போட்டுவிட்டால், தவக்காலத்துக்கு முன் ஓலை வாசித்துத் திருமணத்தை முடித்துவிடலாம். கண்ணாடி விஷயத்தைப் பிறகு மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம்” என்றார்.

இந்த வேண்டுகோளில் இரண்டு பிழைகள் இருந்தன. கண்ணாடியை மறைத்து மணம் பேசுவது முதற்பிழை. இல்லறத்தின் வாசற்படியிலேயே ஒரு பொய்யை நிறுத்தி வைப்பதைப் பற்றி நம் வாசகக் குடும்பங்களுக்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை; அத்தாய்க்கும் அது உள்ளூரத் தெரிந்தே இருந்தது. அவர் அறியாதிருந்தது இரண்டாவது பிழை. முதல் நாள் வாங்கி மறுநாள் அணிந்து நிற்பதற்கு விழிவில்லை வளையல் அன்று.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். நம் ஊர்ப்புறங்களில் ‘கண்ணில் லென்ஸ் வைத்தார்கள்’ என்றால் கண்புரை அறுவையென்றே பொருள். அப்பெண்ணின் பாட்டிகூட, “இந்த வயதிலேயே புரை விழுந்துவிட்டதா?” என்று அழுதாராம். புரை அறுவையில் வைப்பது உள்விழி வில்லை, கண்ணுக்குள்ளேயே நிலைத்திருப்பது. 1992-இல் மதுரையில் தொடங்கப்பட்ட ஆரோலேப் நிறுவனம் அவ்வில்லையைக் குறைந்த விலையில் செய்து ஏழைகளுக்கும் எட்டச் செய்தது. நாம் இங்கே பேசும் விழிவில்லையோ, கருவிழியின்மேல் கண்ணீரில் மிதப்பது. காலையில் இட்டு இரவில் கழற்ற வேண்டியது.

இவ்வில்லை முதன்முதலில் கண்ணாடியால் ஆனதாக இருந்தது. 1888-இல் அடால்ஃப் ஃபிக் என்ற மருத்துவர் அதைப் பற்றி எழுதினார். அணிந்தவர்கள் சில மணி நேரமே தாங்கினர். இன்று நாம் காணும் மென்மையான வில்லைக்கு வழி திறந்தவர் செக் நாட்டு வேதியியலறிஞர் ஓட்டோ விக்டெர்லே. 1961-ஆம் ஆண்டுக் கிறிஸ்மஸ் நாளில், தம் வீட்டு மேசைமேல், பிள்ளைகளின் விளையாட்டுப் பொறிப்பாகங்களையும் சைக்கிள் டைனமோ ஒன்றையும் கொண்டு ஒரு சுழல்பொறி அமைத்து, முதல் நான்கு வில்லைகளை வார்த்தெடுத்தார். அவர் கண்டுபிடித்த பொருளின் சிறப்பு, அது நீரை உறிஞ்சி மெத்தென்று ஆகும் என்பதே. அதன் ஆபத்தும் அதுவே. நீரை ஏற்கும் பொருள், நீரில் உள்ளதையும் ஏற்றுக்கொள்ளும்.

இவ்விடத்தில் நம் மண்ணைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். திண்டுக்கல் 1985 வரை மதுரை மாவட்டத்தைச் சேர்ந்ததாகவே இருந்தது. பிரிந்த பின்னும் இரண்டுக்கும் ஒரே வெயில், ஒரே புழுதி. 1993-ஆம் ஆண்டைக் கணக்கிட்டு மதுரை மாவட்டத்தில் நடத்திய ஆய்வொன்று, ஓராண்டில் ஒரு இலட்சம் பேரில் 113 பேருக்குக் கருவிழிப்புண் ஏற்படுவதாகக் கண்டது. அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்து மாவட்டம் ஒன்றில் கண்ட அளவைப்போல் இது ஏறத்தாழ பத்து மடங்கு. 1994-இன் முதல் மூன்று மாதங்களில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் ஆராயப்பட்ட கருவிழிப்புண் நோயாளிகள் 434 பேர். அவர்களில் ஏறத்தாழ மூவருக்கு இருவர், அதற்கு முன் கண்ணில் அடிபட்டவர்கள். பெரும்பாலும் வயல்வேலையில் பட்ட அடி. கிருமி இன்னதெனத் தெரிந்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்குப் பூஞ்சை. இவர்கள் வில்லை அணிந்தவர்கள் அல்லர். நெல் தூசும் கரும்புத் தோகையும் பட்டவர்கள். ஆயினும், இத்தகைய மண்ணில் கருவிழியின்மேல் ஒன்றை ஒட்டி வைப்பவர் எவ்வளவு விழிப்போடிருக்க வேண்டும் என்பதை இக்கணக்கு காட்டுகிறது. புண் ஆறினாலும் வெண்தழும்பு நின்றுவிடும். அத்தழும்பை எந்தக் கண்ணாடியும் போக்காது.

ஆகவே, வில்லைக்குப் பழகுவது என்றால் கண் பழகுவது சிறு பகுதி; கை பழகுவதே பெரும்பகுதி. கண் தானாகவே சில நாளில் இணங்கிவிடும். முதல் நாள் நான்கு மணி நேரம், பின் நாளுக்கு ஓரிரு மணி கூட்டி, மருத்துவர் சொன்ன அளவுக்கு வருவது வழக்கம். முதலில் கண் நீர் சொரியும், வெளிச்சம் கூசும், அது போய்விடும். கைதான் அடங்காது. சோப்பிட்டுக் கழுவி, பஞ்சு ஒட்டாத துணியில் துடைத்த கையால்தான் வில்லையைத் தொட வேண்டும். மிளகாய் அரிந்த கை, எத்தனை முறை கழுவினாலும், ஒரு நாள் தன் பெயரைச் சொல்லும். ஆதலால் சமையலுக்கு முன்பே வில்லையை இட்டுவிடுவது நலம். விரல் நுனியில் வைத்துப் பார்த்தால் கிண்ணம்போல் நிற்க வேண்டும். விளிம்பு தட்டுப்போல் விரிந்தால் உட்புறம் வெளியாகியிருக்கிறது என்று பொருள். எப்போதும் வலக்கண்ணிலிருந்தே தொடங்கினால் இரண்டும் மாறிப்போகா.

தண்ணீர் அதன்மேல் படவே கூடாது. குழாய்நீரும் ஆகாது, கிணற்றுநீரும் ஆகாது, காய்ச்சி ஆற்றிய நீரும் ஆகாது. அகந்தமீபா என்னும் நுண்ணுயிர் நீரிலும் மண்ணிலும் வாழ்வது. வில்லையின் வழியாகக் கருவிழிக்குள் புகுந்தால் மாதக்கணக்கில் மருந்திட நேரிடும். குளிக்குமுன் வில்லையைக் கழற்ற வேண்டும். கிணற்றில் நீந்தும் பிள்ளைகளுக்கும் இதுவே விதி. பெட்டியில் நேற்றைய திரவத்தின்மேல் இன்று கொஞ்சம் ஊற்றும் சிக்கனம் நம் தாய்மாருக்கு இயல்பாக வருவது. இங்கே அது கேடு. அன்றாடம் பழையதைக் கொட்டிப் புதியதை ஊற்ற வேண்டும். மூன்று மாதத்துக்கொருமுறை பெட்டியையே மாற்ற வேண்டும். ஒரே நாள் அணிந்து எறியும் வில்லைக்கு இத்தொல்லைகள் இல்லை, செலவு கூடுதல். வில்லையோடு உறங்குவதை மட்டும் எவரும், ஒரு மதியத் தூக்கத்துக்குக்கூட, செய்யலாகாது. கண் சிவந்து வலித்தால் உடனே வில்லையைக் கழற்றிவிட்டு மருத்துவரிடம் செல்க. விளக்கெண்ணெயும் தாய்ப்பாலும் ஊற்றிப் பார்க்கும் பழக்கம் பல கண்களைக் கெடுத்திருக்கிறது.

லேசர் அறுவையைப் பற்றியும் அத்தாய் கேட்டார். அது பதினெட்டு வயது நிறைந்து, பவர் ஓராண்டேனும் மாறாதிருப்பவர்க்கு, கருவிழியின் கனத்தையும் வடிவையும் அளந்த பிறகே. கருவிழி கூம்பிவரும் நோயுள்ளவர்களுக்கு அது ஆகாது. அவர்களுக்குக் கடினவகை வில்லை அலங்காரமன்று, மருந்து. அறுவை செய்துகொண்டவர்க்கும் நாற்பதுக்கு மேல் வெள்ளெழுத்து வரத்தான் செய்யும்.

மூக்குக்கண்ணாடிக்கு இவ்வளவு விதி இல்லை. துடைத்து மாட்டினால் போதும். புழுதிச் சாலையில் வண்டியோட்டுகையில் அது கண்ணுக்கு ஒரு கதவுமாகும். 1976-இல் மருத்துவர் கோவிந்தப்ப வெங்கடசாமி பதினொரு படுக்கைகளோடு அரவிந்த் மருத்துவமனையைத் தொடங்கிய பின், கிராமங்களில் நடந்த கண் முகாம்களில் வரிசையில் நின்று கண்ணாடி பெற்றவர்கள் எத்தனையோ பேர். ஆண்பிள்ளை கண்ணாடி அணிந்தால் படித்தவன் என்றும், பெண்பிள்ளை அணிந்தால் குறையுள்ளவள் என்றும் பேசும் நம் நாவைத்தான் முதலில் திருத்தவேண்டும்.

“பெண் பார்க்கும் நாளில் கண்ணாடியோடே நிற்கட்டும் அம்மா; வில்லை வேண்டுமானால் பொங்கலுக்குப்பின் நிதானமாகப் பழகட்டும்” என்றோம். அவர் முகம் வாடியது. மகள் அப்போதுதான் கைக்குட்டையைப் பிரித்துக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நம்மை நன்றாகப் பார்த்தாள்.

அந்த வரன் அமையவில்லை. கண்ணாடிதான் காரணம் என்று தாய் இன்றும் நம்மேல் குறைபட்டுக்கொள்கிறார். நகைக் கணக்கில் வந்த பிணக்கு என்று வேறொருவர் சொன்னார். மாசி மாதத்தில் அப்பெண் மருத்துவரிடம் அளவு பார்த்து வில்லை வாங்கினாள். திண்டுக்கல்லுக்குப் படிக்க வரும் நாள்களில் வில்லை. விடியலில் மல்லிகை பறிக்கத் தோட்டத்துக்குப் போகையில் கண்ணாடி. வில்லைப் பெட்டி மாற்ற வேண்டிய தேதிகளைப் பங்கு நாட்காட்டியில் பென்சிலால் வட்டமிட்டு வைத்திருக்கிறாள். பாட்டி அவற்றைத் திருநாள்கள் என்று எண்ணிக் கேட்டுக்கொண்டிருக்கிறாராம்.