நன்றிக்கு ஒரு பெயர் வேண்டும்

போன வருஷம் எங்கள் அலுவலகத்தில் ஒரு பட்டறை நடந்தது. ஆளுக்கொரு நோட்டு கொடுத்தார்கள். கெட்டி அட்டை, தங்க எழுத்து. தினமும் படுக்கப் போகும்முன் நன்றிக்குரிய மூன்று விஷயங்களை அதில் எழுத வேண்டும். கஷ்டங்களையும் எழுதலாம், ஆனால் அவற்றுக்கும் நன்றி சொல்லித்தான் முடிக்க வேண்டும். 'பிரபஞ்சத்துக்கு நன்றி' என்ற முதல் வரியைப் பயிற்றுநரே சொல்லிக்கொடுத்தார். இரண்டு வாரம் கழித்து எங்கள் பிரிவில் ஆறு பேருக்கு வேலை போனது. ஒருவர் அந்த நோட்டை மேசையிலேயே விட்டுவிட்டுப் போனார்.

எனக்கு நன்றியோடு சண்டை இல்லை. அந்த நோட்டோடுதான் சண்டை.

முதலில் நியாயமாகப் பேசிவிடுவோம். இந்தப் பழக்கத்துக்கு ஆய்வு ஆதாரம் உண்டு. ராபர்ட் எம்மன்ஸும் மைக்கேல் மெக்கலாவும் 2003இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு குழு வாரம் ஒருமுறை பத்து வாரங்களுக்கு, நன்றிக்குரிய ஐந்து விஷயங்கள் வரை எழுதியது. எரிச்சல்களைப் பட்டியலிட்ட குழுவைவிட அவர்கள் தங்கள் வாழ்க்கையைப் பற்றி நல்லபடியாக உணர்ந்தார்கள். சரி. ஆனால் 1986இல் ஜேம்ஸ் பென்னிபேக்கர் செய்த ஆய்வை ஏன் யாரும் நோட்டு அட்டையில் போடுவதில்லை? அதில் மாணவர்கள் நான்கு நாட்கள், தினம் 15 நிமிடம், தங்கள் வாழ்க்கையின் மோசமான அனுபவங்களை எழுதினார்கள். எழுதி முடித்ததும் மனசு இன்னும் கனத்தது. ஆனால் நடந்ததையும் அதைப் பற்றித் தாங்கள் உணர்ந்ததையும் சேர்த்து எழுதியவர்கள், அடுத்து வந்த மாதங்களில் மருத்துவரிடம் போனது குறைந்தது. அங்கே யாரும் அவர்களை 'நன்றி' என்று முடிக்கச் சொல்லவில்லை.

தமிழில் இதற்கு ஒரு பழைய சொல் இருக்கிறது: செய்ந்நன்றி அறிதல். திருக்குறளின் 11ஆம் அதிகாரம். நாம் பள்ளியில் மனப்பாடம் செய்து மறந்துபோனது. தலைப்பை மட்டும் பாருங்கள். 'செய்' என்றால் செய்தவர் ஒருவர் உண்டு. 'அறிதல்' என்றால் யார், எப்போது, என்ன செய்தார் என்று தெரிந்திருக்க வேண்டும். பிரபஞ்சத்துக்கு நன்றி சொல்வதில் இது எதுவுமே இல்லை. திருப்பிச் செய்ய வேண்டிய ஆள் இல்லாததால் அது ரொம்ப வசதியான நன்றி.

"அதே அதிகாரத்தில் தீமையை அன்றைக்கே மறக்கச் சொல்கிறாரே வள்ளுவர்?" என்று கேட்பீர்கள். அடுத்த குறளையும் படியுங்கள். முன்பு உதவியவர் பின்னால் தீங்கு செய்தால் என்ன செய்வது என்பதுதான் அங்கே பேச்சு. இரண்டு மனிதர்களுக்கு இடையிலான கணக்கு அது. தீங்குக்கு நன்றி சொல்லுங்கள் என்று அவர் எங்கும் சொல்லவில்லை.

தோட்டத்திலிருந்து வந்த நமக்கு இந்த வித்தியாசம் முக்கியம். என் பாட்டி பால்மரம் சீவியவர். லயத்து வீடு தோட்டத்துக்குச் சொந்தம். வேலை போனால் வீடும் போகும். அந்த வீட்டுக்காக துரைக்கு நன்றியோடு இருக்கச் சொல்லித்தான் அவரை வளர்த்தார்கள். உழைப்புக்கு வந்த கூலியைக்கூட யாரோ போட்ட பிச்சையாக நினைக்க வைத்த நன்றி அது. மூன்று தலைமுறை கழித்து குளிர்சாதன அறையில், தங்க எழுத்து நோட்டில், அதே பாடத்தை மறுபடி எழுதச் சொன்னால் எப்படி?

என் அம்மாவிடமும் ஒரு நோட்டு இருந்தது. சட்டைப் பையில் அடங்கும் 555 நோட்டு. மளிகைக் கடையில் கடன் எழுத வைத்திருப்பார்களே, 'பூக்கு தீகா லீமா', அதேதான். அப்பாவுக்கு வேலை இல்லாத எட்டு மாதத்தில் அம்மா அதில் எழுதினார். தேதி, பெயர், தொகை. 'அரிசி 5 கிலோ.' 'பள்ளி பஸ் காசு.' கேட்டுக் கொடுக்காதவர்களின் பெயரும் இருந்தது, பக்கத்தில் ஒன்றும் எழுதாமல். நல்லதும் கெட்டதும் ஒரே பக்கத்தில். எதற்கும் பூச்சு இல்லை.

பிறகு ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுத்து ஒவ்வொரு வரியாக அடித்தார். ஒரே ஒரு வரி மட்டும் அடிபடாமல் இருந்தது. பக்கத்து வீட்டு அக்கா கொடுத்த 40 ரிங்கிட். ஏன் என்று கேட்டேன்.

"அவங்க வாங்க மாட்டேன்னுட்டாங்கடா. அப்புறம் எப்படி அடிக்கிறது?"

அந்த அக்காவின் மகள் கல்யாணத்துக்கு அம்மா மூன்று நாள் அடுப்படியில் நின்றதன் காரணம் எனக்கு அப்போதுதான் புரிந்தது. அப்போதும் அந்த வரியை அவர் அடிக்கவில்லை.

எழுதுங்கள், தாராளமாக எழுதுங்கள். வேலை போனால் போனது என்று எழுதுங்கள். போக வைத்தவர் பெயரையும் எழுதுங்கள். அது 'நல்லதுக்குத்தான்' என்று உடனே முடிக்காதீர்கள். அந்த வாரம் சோறு போட்டவர் யார் என்பதைத் தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள். பிறகு நோட்டை மூடிவிட்டு அவரைப் போய்ப் பாருங்கள். பிரபஞ்சம் காத்திருக்கும், அந்த அக்காவுக்கு வயசாகிறது.