விமானத்தின் அடியில் நிற்பவர் யாருடைய தொழிலாளி?

செஞ்சி வட்டாரத்திலிருந்து சென்னைக்குச் செல்லும் ஒப்பந்தத் தொழிலாளர்கள் வழக்கறிஞர்களிடம் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றே: அடையாள அட்டையில் ஒரு நிறுவனத்தின் பெயர், சம்பளம் தருபவர் வேறொருவர், விபத்து நேர்ந்தால் பொறுப்பு யாருடையது? விமான நிலையத்தில் இக்கேள்வி உயிரோடு தொடர்புடையது.

பயணிகள் ஏறியபின் விமானத்தை இழுவை வண்டி பின்னோக்கித் தள்ளுகிறது. முன்சக்கரத்தருகே தரைப்பணியாளர் ஒருவர் ஹெட்செட் வழியே விமானியுடன் பேசியபடி நிற்கிறார். இயங்கும் ஜெட் எஞ்சின் அருகிலிருப்பவரை உள்ளிழுத்துவிடும். 2015 டிசம்பர் 16 அன்று மும்பையில், ஐதராபாத் புறப்படவிருந்த ஏர் இந்தியா விமானத்தின் எஞ்சின் அந்நிறுவனத்தின் தொழில்நுட்பப் பணியாளரை அவ்வாறே பலிகொண்டது. 2022 டிசம்பர் 31 அன்று அமெரிக்காவின் மாண்ட்கோமரியிலும் ஒரு பெண் தொழிலாளி இறந்தார். அவரது நிறுவனத்துக்கு அந்நாட்டுத் தொழிற்பாதுகாப்புத் துறை விதித்த அபராதம் 15,625 டாலர் மட்டுமே!

2019 ஜூலையில் கொல்கத்தாவில் ஸ்பைஸ்ஜெட்டின் இளம் பணியாளர் ஒருவர், பராமரிப்பின்போது சக்கரக் கதவில் சிக்கி மாண்டார். பன்னாட்டு வரையறையோ பறக்கும் நோக்குடன் ஒருவர் விமானத்தில் ஏறியது முதல் அனைவரும் இறங்கும் வரை நிகழ்வதையே ‘விமான விபத்து’ என்கிறது. பறக்கும் நோக்குடன் எவரும் ஏறியிராத விமானத்தின் அடியில் மடிபவர் அவ்வரையறைக்கு வெளியே நிற்கிறார். விபத்து விசாரணை நடந்தாலும் அதன் நோக்கம் மீண்டும் நிகழாமல் தடுப்பதே; பொறுப்பை நிர்ணயிப்பதன்று.

பொறுப்பைத் தொழிலாளர் சட்டத்தில்தான் தேட வேண்டும். துப்புரவு முதலிய பணிகளில் ஒப்பந்த முறையை 1976 டிசம்பர் 9 அறிவிக்கை தடைசெய்தது. அதன்படி ஒப்பந்தத் தொழிலாளர்களை நிரந்தரமாக்குமாறு 1996இல் ஏர் இந்தியா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. நீதிபதி கே. ராமசாமி எழுதிய அத்தீர்ப்பை 2001இல் ‘செயில்’ வழக்கின் அரசியல் சாசன அமர்வு மாற்றியது, அறிவிக்கையும் ரத்தானது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழிற்பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு முதன்மைப் பணிகளில் ஒப்பந்த முறையைத் தடைசெய்கிறது. ஆனால் துப்புரவு, கழிவகற்றல், சுமை ஏற்றி இறக்குதல் ஆகியவை பொதுவாக முதன்மைப் பணியல்ல என்கிறது. சாதி எந்த வேலைகளை எவர்மீது சுமத்தியதோ, அதே வேலைகள்! இதைத் தற்செயல் என்று நான் கருதவில்லை.

எனினும் அவ்விதியிலேயே ஒரு விலக்கு உண்டு. அப்பணிக்கென்றே அமைந்த நிறுவனத்துக்கு அது முதன்மைப் பணியே. பெட்டிகளை ஏற்றி இறக்கவே நடத்தப்படும் தரைச்சேவை நிறுவனம், அதே வேலைக்கு இன்னோர் ஒப்பந்ததாரரை அமர்த்துவதை இவ்வாதத்தால் எதிர்க்கலாம். தொழிற்சங்கங்கள் இதனை நீதிமன்றத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

இழப்பீட்டில் நிலைமை சற்று மேல். 1923ஆம் ஆண்டின் ஊழியர் இழப்பீட்டுச் சட்டம், 12ஆம் பிரிவின்படி, ஒப்பந்ததாரரின் தொழிலாளிக்கும் முதன்மை வேலையளிப்பவரைப் பொறுப்பாக்கியது. சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பிலும் அப்பொறுப்பு தொடர்கிறது. அதை நிறுவ ஆவணம் தேவை. ஆகவே நுழைவு அனுமதி அட்டை, பணிநேரப் பட்டியல், சம்பளம் வந்த வங்கிக் கணக்கின் பதிவு ஆகியவற்றின் நகல்கள் ஊரிலுள்ள குடும்பத்தாரிடம் இன்றே இருக்கட்டும்.